இழுவை எங்கே பிறக்கிறது? சிறு டிராக்டரும் தருமபுரிச் செம்மண்ணும்

பானெட்டில் 15 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும் மினி டிராக்டர் ஒன்று கலப்பையோடு வயலில் இறங்குகிறது. அந்தப் பதினைந்தில் கலப்பையை இழுக்க எவ்வளவு போய்ச் சேரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வண்டியின் எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் மட்டுமே ஓட்டும் வண்டியில் அந்த எடையில் ஏறத்தாழ 500 கிலோ பின்னச்சில் உட்கார்ந்திருக்கும். கெட்டியான, காய்ந்த செம்மண்ணில் ஒரு சக்கரம் தன் மேல் உள்ள எடையில் பாதியளவு இழுவையைத் தரும். ஆக 250 கிலோ இழுவை. வண்டி மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஒரு மீட்டர் போகிறது. ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன். 250ஐ 75ஆல் வகுத்தால் மூன்றே கால், மூன்றரைக்குள் விடை வரும்.

எஞ்சினிடம் 15 இருக்கிறது. மண் வாங்கிக்கொள்வது மூன்றரைக்கும் குறைவு. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் மண் அதற்கு மேல் வாங்காது. வலிந்து கேட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், டயர் தேயும், டீசல் தீரும். சிறு டிராக்டர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எச்.பி.?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எடை எவ்வளவு, அந்த எடை எந்தச் சக்கரத்தில் விழுகிறது? இந்த அத்தியாயம் அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

மண்ணுக்கு இரண்டு குணம்

1773இல் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம், மண் எப்போது சறுக்கும் என்பதை ஆராய்ந்து ஓர் எளிய விதியைச் சொன்னார். கோட்டைச் சுவர்களுக்காகப் பிறந்த அந்த விதிதான் இன்று டிராக்டர் டயருக்கும் அடிப்படை. மண் சறுக்காமல் எதிர்த்து நிற்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, துகளும் துகளும் ஒட்டிக்கொள்ளும் பசை. மற்றது, துகளோடு துகள் உரசும் உராய்வு. பசையின் பலன் டயர் எவ்வளவு பரப்பில் மண்ணைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தது. உராய்வின் பலன் டயர் மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மணலில் பசை இல்லை; உராய்வு மட்டுமே. அங்கே எடை கூடினால் இழுவை கூடும். நீர் நிறைந்த களிமண்ணில் உராய்வு ஏறக்குறைய இல்லை, பசை மட்டுமே. அங்கே எடையைக் கூட்டினால் வண்டி புதையும். பரப்பைக் கூட்டினால்தான் நகரும். நெல் வயலில் சேற்றுழவுக்குப் போகும் டிராக்டரில் அகலமான இரும்புக் கேஜ் வீல் மாட்டுவது இதனால்தான். தலைமுறையாக உழவர் கையில் இருந்த இந்த அறிவை இருபதாம் நூற்றாண்டில் தனி அறிவியல் துறையாக வளர்த்தவர் போலந்தில் பிறந்த பெக்கர் என்ற பொறியாளர். 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் ஓட்டிய ஊர்தியின் சக்கரங்களுக்கும் அவருடைய கணக்குகள் உதவின.

இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதைப் பனியில் பார்க்கலாம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குளிர்காலத்தில் வீட்டு வாசலில் விழுந்த பனியை ஒதுக்குவது அன்றாட வேலை. பெரிய மனை உள்ளவர்கள் அங்கே தோட்ட டிராக்டரைப் பனி ஒதுக்கவும் கட்டுகிறார்கள். இறுகிய பனியில் ரப்பர் டயர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு இழுவை தந்தாலே பெரிது. கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் பத்தில் ஒரு பங்கு. நம் கணக்கில் 250 கிலோ இழுத்த அதே வண்டி அங்கே 100 கிலோ, 50 கிலோ என்று இறங்கிவிடும். அதனால் டயருக்குச் சங்கிலி சுற்றி, பின்பக்கம் இரும்பு எடை கட்டி, டயருக்குள் திரவம் நிரப்பித்தான் அங்கே வண்டியை வெளியே எடுக்கிறார்கள். தருமபுரிக்கு வேண்டிய பாடம் அதே பாடம். மண் மட்டும் வேறு.

துண்டு நிலம், சரளை மண், குறுகிய சந்து

1965இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் தருமபுரி. மானாவாரிச் செம்மண், ஊடே சரளை, கொஞ்சம் தோண்டினால் பாறை. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளி, மஞ்சள், கரும்பு, மாவட்டம் முழுக்க ராகி, மாந்தோப்பு, பட்டுப்புழுவுக்காக மல்பெரி. நிலமோ சிறு துண்டுகள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கீழே. 45 குதிரைத்திறன் வண்டி அந்தத் துண்டில் திரும்புவதற்கே வரப்பை மிதிக்க வேண்டியிருக்கும்.

மல்பெரித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். இணை வரிசை நடவில் இரண்டு வரிசைக்கு இடையே 90 சென்டிமீட்டர், அடுத்த இணைக்கு முன் 150 சென்டிமீட்டர் சந்து. ஒரு மீட்டர் அகலமுள்ள வண்டி அந்தச் சந்தில் போனால் இருபுறமும் 25 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். இலை கிழியாமல், கிளை ஒடியாமல் போக அது போதும். அகலம் கொஞ்சம் கூடினாலும் போதாது. கடைக்குப் போகும்போது கையில் முதலில் இருக்க வேண்டியது அளவு நாடா. டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு டயரின் வெளி விளிம்புவரை அளக்க வேண்டும். கையேட்டில் உள்ள அகலம் எந்தச் சக்கர அமைப்புக்கு என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும். பல வண்டிகளில் சக்கரத்தட்டைத் திருப்பி மாட்டினாலே அகலம் மாறும்.

இத்தகைய சிறு வண்டிகளுக்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை தருமபுரியோடு இருந்த ஒசூரிலேயே வி.எஸ்.டி. நிறுவனத்தின் டிராக்டர் ஆலை இருக்கிறது. மகிந்திரா, ஸ்வராஜ், குபோட்டா என்று வேறு பெயர்களும் சந்தையில் உண்டு. பெயரைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. முதல் வேலை, எந்த வேலைக்கு வண்டி வேண்டும் என்று முடிவு செய்வது.

இழுப்பதா, சுழற்றுவதா

டிராக்டர் எஞ்சினிலிருந்து ஆற்றல் வெளியே வர முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று சக்கரம்: மண்ணை உதைத்து, பின்னால் கட்டியதை இழுக்கும். மற்றது பி.டி.ஓ. தண்டு: நிமிடத்துக்கு 540 சுற்று என்ற உலகப் பொது வேகத்தில் சுழன்று, பின்னால் மாட்டிய கருவியை நேரடியாக ஓட்டும். சக்கர வழியில் மண் குறுக்கே நின்று மூன்றரைக்கு மேல் விடாது என்று பார்த்தோம். தண்டு வழியில் அந்தத் தடை இல்லை. 15 குதிரைத்திறன் வண்டியில் 12, 13 குதிரைத்திறன்கூடத் தண்டின் முனைக்கு வந்துவிடும்.

பனி ஒதுக்குகிறவர்களும் இதே இரண்டு வழிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். முன்னால் இரும்புப் பலகை கட்டித் தள்ளுவது ஒரு முறை. அது முழுக்கச் சக்கரப் பிடிப்பை நம்பியது. சுழலும் திருகால் பனியை அள்ளித் தூர வீசும் ஊதுகருவி மறுமுறை. அது தண்டை நம்பியது. இமயத்தில் சோஜிலா, ரோதாங் கணவாய்களைத் திறக்க எல்லைச் சாலைகள் அமைப்பு கொண்டுவரும் பெரிய பனிவெட்டி இயந்திரங்களும் சுழலும் வகைதான். எடை குறைந்த வண்டிக்குச் சுழல் கருவியே பலம்.

நம் ஊரில் அந்தச் சுழல் கருவி ரோட்டவேட்டர். அதன் கத்திகள் டிராக்டர் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றுவதால் மண்ணை வெட்டும்போது வண்டியை முன்னே தள்ளவும் செய்கின்றன. இழுவை வேண்டிய இடத்தில் இழுவையே தேவைப்படாமல் போகிறது. சிறு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஆனால் அந்தத் தள்ளுதல் சரிவில் ஆபத்து: வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைச் சரிவில் இறக்கத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர், கீழ் கியரில் போட்டு எஞ்சின் பிடிப்பில்தான் இறங்க வேண்டும்.

ரோட்டவேட்டரின் அகலம் இரு சக்கரங்களின் வெளி விளிம்பைத் தொட வேண்டும். குறைந்தால் டயர் மிதித்த தடம் உழாமல் கிடக்கும். சரளை நிலத்தில் கத்தி கல்லில் பட்டால் அதிர்ச்சி கியர்ப்பெட்டிவரை போகும். நடுவில் வழுக்கி விடும் கிளட்ச் அல்லது உடைந்துபோகும் போல்ட் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த போல்ட் உடைந்தால் கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போடக் கூடாது. அது உடைவதற்கென்றே செய்யப்பட்டது. அது உடையாவிட்டால் கியர் உடையும்.

இன்னொன்றையும் கடையிலேயே கேட்க வேண்டும். கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்குமா, வண்டி மட்டும் நிற்குமா? ஒற்றைக் கிளட்ச் வண்டியில் இரண்டும் சேர்ந்து நிற்கும். புல் அடர்ந்த இடத்திலோ மண் கட்டிய இடத்திலோ, வண்டியை நிறுத்திக் கத்தியை மட்டும் சுற்றவிட்டால்தான் அடைப்பு விலகும். மருந்து தெளிக்கும்போதும் அப்படித்தான்: மரத்துக்கு மரம் வண்டி நிற்க வேண்டும், பம்பு ஓட வேண்டும். மாந்தோப்புக்காரர்கள் பி.டி.ஓ.வுக்குத் தனிக் கிளட்ச் உள்ள வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

ஃபெர்குசனின் மூன்று புள்ளி

கலப்பையைச் சங்கிலியால் கட்டி இழுத்த காலத்தில் டிராக்டர்கள் மலைபோல் கனமாக இருந்தன. எடைதான் இழுவை என்பதால் வேறு வழியில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் 1920களில் இதை மாற்றினார். கலப்பையை வண்டியோடு மூன்று புள்ளிகளில் இணைத்து, ஹைட்ராலிக் கையால் தாங்கிப் பிடித்தார். கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது மண் அதைக் கீழே இழுக்கும். அந்த இழுப்பு கைகள் வழியாக வந்து பின்சக்கரத்தின் மேல் எடையாக உட்காரும். உழவு கடினமானால் எடையும் தானே கூடும். வண்டி சுமக்காத எடையை மண்ணே தருகிறது.

அவருடைய சிறிய டி.இ.20 வண்டி 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. எட்மண்ட் ஹிலாரியின் குழு சக்கரங்களுக்கு மேல் பட்டைச் சங்கிலி பூட்டிய அந்த டிராக்டர்களை ஓட்டிக்கொண்டுதான் 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை அடைந்தது. அது உழவுக்குச் செய்த வண்டி. மண்ணைத் தொடும் இடத்தை மாற்றியதும் பனிக்கண்டத்தில் துருவம்வரை போனது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் வண்டிகளைத் தமிழ்நாட்டு வயலுக்குக் கொண்டுவந்தது. இன்று எந்த மினி டிராக்டரின் பின்னால் பார்த்தாலும் அந்த மூன்று புள்ளி இருக்கும்.

அந்த மூன்று புள்ளியில் மேல் இணைப்பிலோ அச்சிலோ கயிறு கட்டி மரத்தையோ புதைந்த வண்டியையோ இழுக்கவே கூடாது. இழுவை அச்சுக்குக் கீழே கட்டினால் முன்சக்கரம் தரையில் நிற்கும். மேலே கட்டினால் முன்சக்கரம் தூக்கி வண்டி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். தூக்கத் தொடங்கியதிலிருந்து கவிழ ஏறத்தாழ ஒன்றரை வினாடி. காலை எடுத்துக் கிளட்சில் வைக்க நேரம் இருக்காது. ஸ்வீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்கு, கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவரைக் காக்கும் கம்பிச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது; அதன் பிறகு அங்கே கவிழ்ந்து சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். நம் வண்டியில் அந்தக் கம்பிச் சட்டம் இருந்தால் மாங்கிளையில் தட்டுகிறது என்று கழற்றிவைக்க வேண்டாம். கிளையை வெட்டிக்கொள்ளலாம்.

எடை கூட்டுவது எப்படி

செம்மண் உராய்வு மண். ஆகவே காய்ந்த புழுதி உழவுக்கு எடை கூட்டலாம். மிக மலிவான எடை தண்ணீர்.

பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, காற்றடைக்கும் வால்வு உச்சியில் நிற்கும்படி சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை விட்டு, குழாயிலிருந்து தண்ணீர் விடலாம். நடுநடுவே குழாயை எடுத்து உள்ளே உள்ள காற்று வெளியேற வழி விட வேண்டும். வால்வு வழியே தண்ணீர் திரும்பி வரத் தொடங்கினால் முக்கால் பங்கு நிறைந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் நிரப்பக் கூடாது. மீதிக் கால் பங்கு காற்றுதான் டயருக்கு நெளிவைத் தரும். ஊசியை மாட்டி, கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்குக் காற்றடைத்தால் வேலை முடிந்தது. சிறு வண்டியின் பின் டயர் ஒவ்வொன்றும் 50, 60 லிட்டர் கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் 100 கிலோவுக்கு மேல் எடை, 50 கிலோவுக்கு மேல் கூடுதல் இழுவை. குளிர்நாடுகளில் இந்தத் தண்ணீர் உறைந்து டயரைக் கெடுக்கும் என்பதால் கால்சியம் குளோரைடு கரைக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. டியூப் உள்ள டயராக இருந்தால் தண்ணீர் சக்கரத்தட்டை அரிக்கும் கவலையும் இல்லை.

பின்னால் கனமான கருவியைத் தூக்கினால் முன்பக்கம் லேசாகும்; ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் முன்சக்கரத்தில் இருக்க வேண்டும். இதை அளக்க வழி உண்டு. லாரிகள் நிற்கும் எடை மேடைக்கு வண்டியை ஓட்டிப் போய், கருவியைத் தூக்கிய நிலையில் முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு முறை, முழு வண்டியும் நிற்க ஒரு முறை எடை போட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். குறைந்தால் முன்னால் இரும்புப் பாளம் மாட்ட வேண்டும்.

நாலு சக்கரமும் ஓட்டும் வண்டியில் கணக்கே மாறும். அங்கே மொத்த எடையும் பிடிப்புக்குப் பயன்படும். 600, 700 கிலோ வண்டிகூட பின்சக்கரம் மட்டும் ஓட்டும் 800 கிலோ வண்டிக்கு மேலாக இழுக்கும். மண்ணை அழுத்துவதும் குறையும். ஆனால் தார்ச்சாலையில் முன் ஓட்டத்தை விலக்கிவிட வேண்டும்; இல்லையேல் முன் டயர் வேகமாகத் தேயும், கியருக்குள் இறுக்கம் ஏறும். டயர் மாற்றும்போதும் நிறுவனம் சொன்ன அளவையே போட வேண்டும். முன், பின் டயர்களின் சுற்றளவு ஒன்றுக்கொன்று கணக்கிட்டுப் பொருத்தப்பட்டவை.

சாக்பீஸ் சொல்லும் உண்மை

எடை போதுமா, கூடுதலா என்பதை ஒரு சாக்பீஸ் சொல்லிவிடும். பின் டயரின் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும். கருவியைத் தூக்கிக்கொண்டு வயலில் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை ஓட்டி, தூரத்தை அளக்க வேண்டும். 28 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கலப்பையை மண்ணில் இறக்கி அதே பத்துச் சுற்று. இப்போது 24 மீட்டர்தான் வந்தால், காணாமல் போன 4 மீட்டர் வழுக்கல். 28இல் 4 என்றால் நூற்றுக்கு 14.

10 முதல் 15 சதவீத வழுக்கல் ஆரோக்கியமானது. 20ஐத் தாண்டினால் எடை போதவில்லை, அல்லது கருவி வண்டிக்குப் பெரிது. 8க்குக் கீழே போனால் தேவையற்ற எடையைச் சுமந்து டீசலை வீணாக்குகிறோம். வழுக்கலே இல்லாமல் இழுவை பிறப்பதில்லை. மண் கொஞ்சம் நகர்ந்தால்தான் அதன் எதிர்ப்பு முழுதாக எழும். டயர் தடத்தைப் பார்த்தாலும் தெரியும்: பட்டன் அச்சு இரு ஓரத்திலும் தெளிவாக, நடுவில் மட்டும் கலைந்து கிடந்தால் சரி. தடம் முழுவதும் அழிந்திருந்தால் வழுக்கல் மிகுதி.

எடை பகையாகும் இடம்

கூட்டிய எடையைக் கழற்றவும் தெரிய வேண்டும். மழை பெய்து பதம் வராத ஈர நிலத்தில் கனமான சக்கரம் போனால் மண்ணின் துளைகள் நசுங்கும். அடுத்த மழை உள்ளே இறங்காது. ரோட்டவேட்டரை ஆண்டுக்கணக்கில் ஒரே ஆழத்தில் ஓட்டினால் கத்தியின் அடிப்பாகம் தேய்த்த தளத்தில் கடினமான அடுக்கு உருவாகும். மேலே பஞ்சுபோன்ற மண், கீழே வேர் இறங்காத தட்டு. மானாவாரி நிலத்துக்கு இது பெரும் இழப்பு. மண்ணுக்குள் சேர வேண்டிய நீர்தான் அங்கே பயிரின் சேமிப்பு.

இதற்கு மருந்து உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையில், பிறகு குறுக்குத் திசையில் ஆழமாகக் கீற வேண்டும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும். ஆனால் உளிக்கலப்பை முழுக்க இழுவைக் கருவி. 15 குதிரைத்திறன் வண்டி அதை இழுக்காது. இழுக்கச் சொல்லவும் கூடாது. அதற்குப் பெரிய டிராக்டரை வாடகைக்கு எடுப்பதே அறிவு. வேளாண் பொறியியல் துறை இ-வாடகைத் திட்டத்தில் உழவன் செயலி வழியாக டிராக்டரும் கருவியும் தருகிறது. சிறியதைச் சொந்தமாக்கி, பெரியதை வாடகைக்கு எடுப்பது இரண்டு, மூன்று ஏக்கர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வழி. சொந்த வண்டிக்கும் மானியம் உண்டு; மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் கூடுதல் பங்கு கிடைக்கும்.

கையெழுத்துக்கு முன்

ஒரு மீட்டர் ரோட்டவேட்டர் மணிக்கு இரண்டரை கிலோமீட்டரில் ஓடினால், திரும்பும் நேரமும் சேர்த்து ஒரு ஏக்கருக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகும். மூன்று ஏக்கரை இரண்டு முறை உழ இரண்டு நாள் வேலை. மழை பெய்து மண் பதமாக இருக்கும் சில நாள்களுக்குள் விதைப்பு முடிய வேண்டிய மானாவாரியில் இந்தக் கணக்கு முக்கியம். ஆண்டின் மற்ற நாள்களில் வண்டி களையெடுக்கவும், மருந்தடிக்கவும், தக்காளிக் கூடையை மண்டிக்கு ஏற்றவும் ஓடாவிட்டால் கடன் தவணை மட்டுமே ஓடும். பக்கத்து வீட்டு மல்பெரித் தோட்டத்துக்கும் சேர்த்து ஓடட்டும். இரண்டு, மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது.

ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரிடம் ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: "வண்டியை எங்க நிலத்துல, எங்க கருவியைக் கட்டி ஓட்டிக் காட்டுங்க." கண்காட்சித் திடலில் எல்லா வண்டியும் நன்றாக ஓடும். உங்கள் சரளையில், உங்கள் சந்தில், சாக்பீஸ் கோட்டோடு பத்துச் சுற்று ஓடி, வழுக்கல் பதினைந்துக்குள் நிற்கும் வண்டி எதுவோ, அதற்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். அதன் பானெட்டில் மற்றதைவிட இரண்டு குதிரைத்திறன் குறைவாக எழுதியிருந்தாலும் சரி.